மோட்டார் யார் பேரில்?

1934 ஜூலை 9, திங்கள். வாணியம்பாடி.

காலையிலேயே ஆலங்காயத்துக்கு பஸ் ஏறினேன். ஏறினேன் என்றால், இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஒரு கோழிக்கூடைக்கும் ஒரு பூசாரிக்கும் நடுவில் நின்றேன். போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். மலையிலிருந்து வந்த ஆவாரம்பட்டை முழுக்க ஏற்கெனவே விலை போயிருந்தது. திருப்பத்தூர் மண்டிக்காரர் ராமலிங்கம் விடிகாலையிலேயே காரில் வந்து வாங்கிவிட்டாராம். எனக்கு மிஞ்சினது பதினோரு கட்டு. அதிலும் நாலு கட்டு நடுவில் ஈரம். கையை விட்டாலே தெரிகிறது, ஜில்லென்று.

இந்த மாதத்தில் இது இரண்டாம் தடவை.

திரும்பி வந்ததும் வாத்தியார் கேட்டார், "கிடைச்சுதா?" முகத்தைப் பார்த்துவிட்டு அவரே மோர் கலக்கிக் கொடுத்தார்.

(வாத்தியார் என்றால் என் வீட்டுக்காரர். போர்டு ஸ்கூலில் கணக்கு. ஊரே அவரை வாத்தியார் என்கிறது. பேரைச் சொல்லக்கூடாது என்பதால் எனக்கும் இது சௌகரியம். பட்டை மண்டி என் அப்பா வைத்தது. ஒரே பெண் நான், அதனால் எனக்கு வந்தது. வாத்தியாருக்கு ஆவாரம்பட்டைக்கும் முருங்கைப்பட்டைக்கும் வித்தியாசம் தெரியாது.)

ஜூலை 12

ஹபீப் சாயபு தானே மண்டிக்கு வந்தார். எங்கள் பட்டையில் முக்கால்வாசி அவருடைய தோல் ஷாப்புக்குத்தான் போகிறது, தோல் பதனிட. நாற்காலியில் உட்காரவில்லை.

"மண்டியம்மா, உங்க பட்டை ஒசத்தி. அதுல பேச்சே இல்லே. ஆனா நேரத்துக்கு வர்றதில்லையே. தோலு ஊறிக்கினு இருக்கு, பட்டை இல்லேன்னா நான் இன்னா பண்றது? மழை புடிக்கிறதுக்குள்ள முந்நூறு கட்டு வேணும். முடியலேன்னா சொல்லிடுங்க, ராமலிங்கத்துகிட்ட பேசிக்கிறேன். கோவமில்லே."

முடியும் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

ஜூலை 13

ஒரு மோட்டார் வாங்கினால் என்ன?

ஜூலை 14

வாத்தியாரிடம் சொன்னேன். சாதம் பிசைந்த கை அப்படியே நின்றது.

"யாரு ஓட்டறது?"

"நான்தான். நீங்களா ஓட்டப்போறீங்க?"

சைக்கிளுக்கே வழிவிட்டு வாய்க்காலில் இறங்குகிற மனிதர். "சரி, அப்போ முதல்ல படிக்கணும்" என்றார். எதற்கும் அவருக்கு முதலில் படிக்க வேண்டும்.

ஜூலை 19

ஹெட்மாஸ்டரிடம் கெஞ்சி ஒரு இங்கிலீஷ் புஸ்தகம் வாங்கி வந்திருக்கிறார். மோட்டாரின் உள்ளே இருப்பது எல்லாம் படத்தோடு. சாயங்காலம் அவர் படித்துத் தமிழில் சொல்கிறார், நான் பட்டைக் கட்டு எண்ணிக்கொண்டே கேட்கிறேன். கார்புரேட்டர், ரேடியேட்டர், பிளக்கு, கிளச்சு. கிளச்சு என்பது மட்டும் அவருக்கே புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது! செக்கில் மாட்டை அவிழ்த்துவிட்டால் மாடு நடக்கும், செக்கு நிற்கும், அவ்வளவுதானே? சொன்னேன். புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். எட்டாம் கிளாஸோடு நின்றவளுக்கு இந்தப் பார்வை போதும்.

ஜூலை 28, சனி

எழுதக்கூட கை வரவில்லை. எழுதித்தான் தீர வேண்டும்.

வேலூருக்குப் போனோம், மோட்டார் கடைக்கு. முன்பணம் என் மடியில், சுருக்குப் பையில். நல்ல பெரிய கடை. உள்ளே நாலு வண்டி, கண்ணாடி போல. ஏஜெண்டு பட்டுச் சட்டை, சென்ட் வாசனை. வாத்தியாருக்கு நாற்காலி போட்டான். எனக்குப் போடவில்லை. வாத்தியார் எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுக்க, அவன் ஓடிப்போய் வாத்தியாருக்கு இன்னொன்று கொண்டு வந்தான்.

நான் கேட்டேன், "நாலு மூட்டை பாரத்தோட மேட்டுல ஏறுமா?"

வாத்தியாரைப் பார்த்துச் சொன்னான், "ஜம்முனு ஏறும் சார்."

"ஒரு கேலனுக்கு எத்தனை மைல்?"

"இருபத்திரண்டு சார்."

"பாரம் தாங்கற வில்லு எத்தனை தகடு?"

சிரித்தான். என்னிடம் முதல் தடவையாகத் திரும்பி, "அம்மாவுக்கு நீலக் கலர் புடிக்குமா, மெரூன் புடிக்குமா?" என்றான்.

இன்ஜின் மூடியைத் திறந்து காட்டச் சொன்னேன். "அதெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கும்மா, பொடவை கெட்டுடும்." நானே கையை வைத்தேன். நடுவில் வந்து நின்றுகொண்டான்! ஓட்டிக் காட்டு என்றேன். சாரை வேண்டுமானால் ஒரு ரவுண்டு அழைத்துப் போகிறானாம். வாத்தியார் முகம் வெளுத்துவிட்டது. பாவம், அவரை ஏற்றிக்கொண்டு போயும் விட்டான். நான் நாற்காலியில். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு.

திரும்பி வந்து நேராக மேஜைக்குப் போனார்கள். நான் எழுந்து போவதற்குள் காகிதம் எழுதியாகிவிட்டது, அவன் பேனாவை நீட்டினான், இவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். "அம்மாகிட்ட அட்வான்ஸு" என்றார் என்னைப் பார்த்து. நாலு பேர் பார்க்கிறார்கள். எடுத்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்?

வெளியே வந்து ரசீதைப் படித்தேன். வாத்தியார் பேர். அவர் அப்பா பேர். அவர் உத்தியோகம். எங்கேயும் நான் இல்லை. அந்த வண்டியை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

காட்பாடியில் ரயில் ஏறினதிலிருந்து வீடு வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூலை 29

இன்றைக்கும் பேசவில்லை.

ஜூலை 30

"அவர் பேனாவை நீட்டினார், அமிர்தம். நீட்டினா வாங்காம எப்படி?"

இதுதான் அவர் சொன்ன சமாதானம். அழுவதா சிரிப்பதா? உள்ளே போய் அரிசி களைந்தேன். மூன்று தடவை களைந்தேன்.

எனக்கு வண்டி அவர் பேரில் இருப்பது கூடப் பெரிசில்லை. வீடு அவர் பேரில்தான் இருக்கிறது, எனக்கு என்ன? ஆனால் அங்கே நான் கேட்டதற்கெல்லாம் அவரிடம் பதில் சொன்னானே, அப்போது ஒரே ஒரு வார்த்தை – 'அவங்ககிட்ட சொல்லுப்பா' – வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தார்?

இதைக் கத்தியே சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டில் தாளிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 1, புதன்

வாத்தியார் பள்ளிக்கூடம் போகவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் ஜுரத்துக்குத் தவிர லீவு போட்டதில்லை. எங்கே போனார் என்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரம் வந்தார். மேல்துண்டு வேர்வையில் நனைந்திருந்தது. என் சுருக்குப் பையை எடுத்து மேஜைமேல் வைத்தார். கனமாக இருந்தது.

வேலூருக்குத் தனியாகப் போயிருக்கிறார்! ரசீதைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்டாராம். அது வழக்கமில்லை என்றானாம். இவர் எழுந்திருக்கவே இல்லையாம். மத்தியானம் வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். கடைசியில் முதலாளி வந்து என்ன விஷயம் என்று கேட்க, இவர் சொன்னாராம்:

"வாங்க வந்தது என் சம்சாரம். உங்க ஆளு அவங்ககிட்ட விலையைக் கூடச் சொல்லலே. நான் கையெழுத்து போட்டது என் தப்பு. அதுக்குத்தான் வந்தேன்."

"தைரியமா சொன்னீங்களா?" என்றேன்.

"இல்லே. திக்கித் திக்கித்தான் சொன்னேன். தண்ணிகூடக் கேட்டேன்."

ரெண்டு பேரும் சிரித்தோம். ரொம்ப நேரம். இன்றைக்குச் சேமியா பாயசம் வைத்தேன், ஒரு விசேஷமும் இல்லாமல்.

இன்னொன்று. திரும்பும்போது ரயில் கார்டு ஒருத்தர் பேச்சுக்கொடுத்தாராம். ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸில் மிசஸ் ரோசாரியோ என்று ஒரு சட்டைக்காரி அம்மா, ஆங்கிலோ இந்தியன். புருஷன் இன்ஜின் டிரைவராக இருந்து ரிட்டயராகிவிட்டாராம். பெங்களூருக்குக் குடிபோகிறார்களாம். வண்டியை விற்கப் போகிறார்களாம்.

ஆகஸ்ட் 4, சனி

ஜோலார்பேட்டை. மிசஸ் ரோசாரியோ கவுனை முழங்காலுக்கு மேல் சுருட்டிக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள். கால் மட்டும் தெரிந்தது. வெளியே வந்து மூக்கைத் துடைத்தாள், மூக்கு கருப்பாயிற்று.

"யார் மேன் வாங்குறது?"

வாத்தியார் ரெண்டு கையாலும் என்னைக் காட்டினார். ரெண்டு கையாலும்!

அதோடு அவரை விட்டுவிட்டாள். திண்பண்டம் கொடுத்து நிழலில் உட்கார வைத்துவிட்டு, என்னை மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மூடியைத் தூக்கினாள். புஸ்தகத்தில் பார்த்ததெல்லாம் அங்கே இருந்தது, ஆனால் அழுக்காக, சூடாக, நிஜமாக. நான் ஒவ்வொன்றாகப் பேர் சொன்னேன். "அரே! ஹூ டீச் யூ?" என்றாள். நிழலில் முறுக்கு தின்றுகொண்டிருந்தவரைக் காட்டினேன். அவள் நம்பவில்லை.

ஏழு வருஷத்து வண்டி. துணிக் கூரை. கலர் என்று ஒன்றைச் சொல்ல முடியாது. குறை என்ன என்று நான் கேட்கும் முன்னே அவளே சொன்னாள்:

"மழைக் காலம் காலையில ஸ்டார்ட் ஆவாது. பிளக்கு கழட்டு, அடுப்புகிட்ட சூடு பண்ணு, மாட்டு. லெஃப்ட் கதவு தானா தொறக்கும், கயிறு கட்டு. பின்னால போறப்போ கத்தும், பயப்படாதே. வேற ஒண்ணும் கெடயாது. என் புருஷன் பத்தி சொன்னா இதைவிட லிஸ்ட் பெருசா இருக்கும்."

கையோடு நாலு கட்டுப் பட்டை கொண்டுபோயிருந்தேன். பின்சீட்டில் ஏற்றினேன். அவள் ஓட்ட, நான் பக்கத்தில். கூட்ஸ் ஷெட் சரிவில் மூன்று தடவை ஏறி இறங்கினோம். திணறியது, ஆனால் நிற்கவில்லை. கீழே இறங்கி வில்லைத் தடவிப் பார்த்தேன். ஏழு தகடு. ஒன்றும் உடையவில்லை.

விலையை ரெண்டு பேரும் பேசினோம். அவள் ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல, நடுவில் காபி வந்தது, காபி முடிவதற்குள் பேச்சும் முடிந்தது. ரசீது எழுதினாள். இங்கிலீஷில் என் பேரை எப்படி எழுதுவது என்று கேட்டாள். வாத்தியார் எழுத்துக்கூட்டிச் சொன்னார். அமிர்தவள்ளி. அத்தனை எழுத்து! நான் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

"டிரைவிங் ஃப்ரீ" என்றாள். "கத்துக்காம எடுத்துட்டு போவாதே. என் வண்டியை மரத்துல மோதவிட்டா எனக்குத் தூக்கம் வராது."

ஆகஸ்ட் 11

முதல் பாடம். கால் கிளச்சுக்கு எட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்தாள். புடவையை மடிசார் மாதிரி இழுத்துச் செருகினேன். "நௌ யூ ஆர் எ டிரைவர்" என்றாள். எடுத்தேன். நேராக அவளுடைய துளசி மாதிரி ஏதோ செடி வைத்திருந்த தொட்டிமேல் போனேன்.

"மேன்! பிரேக்கு! பிரேக்குன்னா நடுவுல உள்ளது!"

ஆகஸ்ட் 12

இன்றைக்கு வேறு தொட்டி.

ஆகஸ்ட் 26

இன்றைக்குத் தொட்டி ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைத்துவிட்டாள். குவார்ட்டர்ஸை எட்டு ரவுண்டு. நான்! தனியாக! ரயில் ஃபயர்மேன்கள் நிலக்கரி அள்ளுவதை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். வாத்தியார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ரவுண்டை எண்ணிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 13, வியாழன்

வேலூர் போலீஸ் ஆபீஸில் லைசன்ஸ் பரீட்சை. அதிகாரி கூட ஏறி உட்கார்ந்தார். வலது, இடது, நிறுத்து, மேட்டில் நிறுத்தி எடு. கடைசியில் பின்னால் ஓட்டச் சொன்னார். வண்டி வழக்கம்போலக் கத்தியது. "என்னம்மா இது?" "அது அப்படித்தாங்க, கெட்டது ஒண்ணும் இல்லே" என்றேன். எழுதிக் கொடுத்துவிட்டார்.

வாத்தியார் மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பாஸா என்று கேட்கப் பயந்து, "பசிக்குதா?" என்று கேட்டார்.

செப்டம்பர் 17

ஊர் பேசுகிறது. பேசட்டும். இன்று காலையில் தூறல், வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. தெரு முழுக்க வேடிக்கை. பிளக்கைக் கழற்றி அடுப்புப் பக்கத்தில் வைத்துச் சூடு பண்ணி மாட்டினேன். ஹேண்டிலை ஒரு சுற்று. படபடவென்று எடுத்தது. எதிர் வீட்டு அம்மாள், "தோசை சுடற மாதிரி இல்ல சுட்டா" என்றாளாம்.

செப்டம்பர் 21, வெள்ளி

ஹபீப் சாயபுவின் சம்சாரம் சுகரா பேகம் சொல்லியனுப்பினாள். வெள்ளிக்கிழமை தோல் ஷாப்பு லீவு, ஆம்பளைகள் எல்லாம் தொழுகைக்குப் போயிருப்பார்கள், வண்டியோடு வா, கேட்டைச் சாத்திக்கொள்ளலாம் என்று.

தோல் காயப்போடுகிற மைதானம், நாலு பக்கமும் உயர்ந்த சுவர். அவள் புர்காவைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு முன்சீட்டில் ஏறினாள். ரெண்டு ரவுண்டு அமைதியாக வந்தாள். மூன்றாவதில், "ஆபா, நகருங்க" என்றாள். (ஆபா என்றால் அவர்கள் வழக்கில் அக்கா.)

"சுகரா, உங்க சாயபு என்னைக் கொன்னுடுவாரு."

"அவரு வர்றதுக்கு இன்னும் அரை மணி இருக்கு."

சும்மா சொல்லக்கூடாது, என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். இடதுபக்கக் கதவு திறந்து திறந்து அடித்துக்கொள்ள, தோல் காயும் கொடிகளுக்கு நடுவே ரெண்டு பேரும் கத்திக்கொண்டே போனோம். இத்தனை சத்தமாக நான் எப்போது சிரித்தேன்? வீட்டுக்கு வந்தபின்தான் கவனித்தேன். வண்டி முழுக்கத் தோல் வாடை.

அக்டோபர் 6, சனி

இன்றுதான் நிஜமான பரீட்சை. மலையிலிருந்து நூற்றெண்பது கட்டு ஆலங்காயத்துக்கு இறங்குகிறது என்று நேற்றே தகவல். மழை மேகம் வேறு. விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். வாத்தியார் பின்சீட்டில். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். ஸ்லோகம் என்று நினைத்தேன். பதினேழாம் வாய்ப்பாடு.

ஏழு மைல் போனதும் டப்பென்று ஒரு சத்தம். பின் டயர்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் போச்சு என்று தோன்றியது. ராமலிங்கத்தின் கார் எந்த நிமிஷமும் திருப்பத்தூர்ப் பக்கமிருந்து போய்ச் சேர்ந்துவிடும். முந்நூறு கட்டு, ஹபீப் சாயபு, அப்பாவின் மண்டி – எல்லாம்.

வாத்தியார்தான் முதலில் இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார். "புஸ்தகத்துல நூத்திப் பதினாலாம் பக்கம்" என்றார். "முதல்ல ஜாக்கி, அப்புறம் நட்டு. நீ சொல்லு, நான் சுத்தறேன்."

வயலிலிருந்து நாலு பேர் வந்து கூடிவிட்டார்கள். ஒரு பெரியவர் அவரைக் கேட்டார், "இன்னா சாமி, பொம்பள ஓட்டுது, நீ உக்காந்துக்கினு வர்றியே. உனக்கு ஓட்டத் தெரியாதா?"

"தெரியாதுங்க" என்றார் வாத்தியார், நட்டைச் சுற்றிக்கொண்டே. "இந்த வண்டி இவங்களுது. நான் கூட வர்றேன்."

திக்கவில்லை.

எனக்குக் கண்ணில் என்னவோ. கிரீஸ் கையால் துடைத்துவிட்டேன், முகமெல்லாம் கருப்பு. அந்தக் கோலத்தோடுதான் ஆலங்காயம் போய்ச் சேர்ந்தேன். கட்டுகள் அப்போதுதான் மாட்டு வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கட்டிலும் கையை விட்டுப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்த பட்டை, உடைத்தால் முறுக்கு மாதிரிச் சத்தம். நூற்றறுபத்தைந்து கட்டு எடுத்துக்கொண்டேன். பேசி முடித்து, மாட்டு வண்டியில் அனுப்பச் சொல்லி, முன்பணம் கொடுத்து நிமிர்ந்தால் ராமலிங்கம் காரை விட்டு இறங்குகிறார். என் முகத்தைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். வாத்தியார் வேட்டியைப் பார்த்தார்.

"வணக்கம்மா" என்றார். இதுவரை அவர் எனக்கு வணக்கம் சொன்னதில்லை.

அக்டோபர் 15

இன்னொரு நூற்று நாற்பது கட்டு. முந்நூறுக்கு மேலேயே ஆகிவிட்டது. எல்லாம் ஹபீப் சாயபுவின் கொட்டகையில், ஈரம் படாமல்.

அக்டோபர் 16

பெய்கிறது, பெய்கிறது, பெய்கிறது. பெய்துகொண்டே இருக்கட்டும்!

அக்டோபர் 19

ஹபீப் சாயபு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார், டீ குடித்தார். அடுத்த வருஷத்துக்கும் பட்டை எங்களிடமே என்றார். எழுந்து போகும்போது வாசலில் தயங்கினார்.

"மண்டியம்மா, ஒரு விஷயம். வீட்ல கேக்கறாங்க… வண்டி வாங்கித் தரணுமாம். திரை போட்டது. டிரைவர் வேணாமாம். இன்னா சமாச்சாரம், உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

தெரியாது என்றேன். மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு.

நவம்பர் 18, ஞாயிறு

நேற்று ஒரு கடிதம் வந்தது. காவேரிப்பாக்கத்தில் தேவகி என்று ஒருத்தி, நெல் மில் நடத்துகிறாளாம். முன்பின் பார்த்ததில்லை. எங்கள் ஊருக்கு வந்துபோன யாரோ என்னைப் பற்றிச் சொன்னார்களாம். எழுதியிருக்கிறாள்:

'ஒரு மோட்டார் வாங்க உத்தேசம். யாரைக் கேட்டாலும் உன் தம்பியை அனுப்பு என்கிறார்கள். என் தம்பிக்கு மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது, ஆனால் தெரிந்துகொள்ள இஷ்டம். எதைப் பார்த்து வாங்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று தாங்கள் தயவுசெய்து நாலு வரி எழுதினால் போதும்.'

காலைப் பலகாரம் ஆனதும் பதில் எழுத உட்கார்ந்தேன். மூடியைத் திறக்கச் சொல், திறக்க மாட்டேன் என்றால் வெளியே வந்துவிடு என்று ஆரம்பித்தேன். வாத்தியார் ரெண்டு தடவை வந்து சாதம் ஆறுகிறது என்றார். மூன்றாம் தடவை தட்டை இங்கேயே கொண்டுவந்து வைத்துவிட்டு, வெள்ளைத் தாள் இன்னும் நாலு எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆறு தாள் ஆயிற்று. இன்னும் பிரேக்குக்கே வரவில்லை.